வீடு எங்கள் பெயரில், தோணி யார் பெயரில்?
வாவித் தொழிலுக்குப் படகு வாங்க நினைக்கும் பெண்களுக்குச் சில யோசனைகள்

மட்டக்களப்பில் பெண்ணுக்கு வீடு உண்டு. தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய மண் இது. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதப்படுகின்றன. மருமகன் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருக்கிறான். இலங்கையின் வேறு பல இடங்களில் வாழும் பெண்களுக்குக் கிடைக்காத ஒரு பலம் இது. ஆனால் தோணியும் வலையும் எஞ்சினும் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவை தகப்பனிடமிருந்து மகனுக்கும், அண்ணனிடமிருந்து தம்பிக்கும் போகின்றன. வீட்டில் ஆண் இருக்கும்வரை இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. அவன் இல்லாமல் போன நாளில்தான் தெரிகிறது: தலைக்கு மேல் கூரை இருக்கிறது, அடுப்பில் வைக்க எதுவும் இல்லை.

2010ஆம் ஆண்டில் மகளிர் விவகாரப் பிரதியமைச்சர் வெளியிட்ட கணக்கின்படி, யுத்தத்தினால் கணவனை இழந்த பெண்கள் கிழக்கில் மட்டும் 49,000 பேர். வடக்கில் 40,000 பேர். காணாமற் போனவர்களின் மனைவியரும், கணவன் அங்கவீனமுற்ற குடும்பங்களும் இதற்குப் புறம்பு. இவர்களில் பெருந்தொகையானோர் வாவிக் கரையிலும் கடற்கரையிலும் வாழ்பவர்கள். வாழ்வாதார உதவி என்று வந்தபோது இவர்களுக்குக் கிடைத்தவை கோழிக்குஞ்சுகள், ஆடுகள், தையல் இயந்திரங்கள். ஒரே கிராமத்தில் இருபது தையல் இயந்திரங்கள் இருந்தால் யாருக்கு யார் சட்டை தைப்பது?

இப்போது எமது கிராமக் கூட்டங்களில் வேறொரு கேள்வி எழத் தொடங்கியிருக்கிறது. “தோணி ஒன்று வாங்கினால் என்ன அக்கா? எப்படிப்பட்டது வாங்குவது?” என்று பெண்கள் கேட்கிறார்கள். சிலர் தாமே தொழிலுக்குப் போக நினைக்கிறார்கள். சிலர் வளர்ந்த மகனை அனுப்ப நினைக்கிறார்கள். இன்னும் சிலர் படகை வாங்கி, பங்குக்கு ஆள் பிடித்து விட நினைக்கிறார்கள். மூவருக்கும் ஏற்ற படகு ஒன்றல்ல. கையிலுள்ள சேமிப்பையோ கடனையோ ஒரு படகில் போடுமுன் யோசிக்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

எந்தத் தண்ணீருக்கு?

முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, தண்ணீரை. எங்கள் சனம் ‘ஆறு’ என்று சொல்லும் மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளமானது. பல இடங்களில் இடுப்பளவு, நெஞ்சளவு ஆழம்தான். அடியில் சேறு, ஓரங்களில் கண்டல், சில இடங்களில் பாசி. இங்கே கூடுதலாக ஆழம் பிடிக்கும் படகு அடிக்கடி தரைதட்டும். பெரிய எஞ்சினின் காற்றாடியில் பாசி சுற்றும், வலை சிக்கும்.

பாலமீன்மடு முகத்துவாரத்தைத் தாண்டினால் நிலைமை வேறு. அங்கே அலை உடைகிறது, மணல்திட்டு இடம் மாறுகிறது. தட்டையான அடிப்பாகமுள்ள வாவித் தோணி அங்கே நிலைத்து நிற்காது. கடலுக்குரிய படகுக்கு உயர்ந்த முன்பக்கமும், அலையை வெட்டும் கூரான அடிப்பாகமும் வேண்டும். “இரண்டுக்கும் பாவிக்கலாம்” என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். இரண்டுக்கும் என்று செய்யப்பட்டது பெரும்பாலும் இரண்டுக்கும் அரைகுறையாகவே இருக்கும். வாவியில்தான் தொழில் என்றால் வாவிக்குரியதையே வாங்குங்கள்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் பின்னேரமானால் படுவான்கரைப் பக்கத்திலிருந்து எழுவான்கரையை நோக்கி வாவியில் அலை எழும். வாடைக்காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, மழை வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் இழுவை கடுமையாக இருக்கும். வருடத்தில் எத்தனை மாதம் படகு கரையில் கிடக்கும் என்பது தெரியாமல் கடன் தவணைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

மரத் தோணியா, பைபர் தோணியா?

மரத் தோணிக்கு நல்ல குணங்கள் உண்டு. தண்ணீரில் ஆடாமல் நிற்கும். ஊரிலுள்ள தச்சரே செய்வார், அவரே திருத்துவார். ஆனால் பாரம் அதிகம். ஒரு பெண் தனியாக அதைக் கரைக்கு இழுத்து ஏற்றுவது கடினம். உவர் நீரில் மரத்தைத் துளைக்கும் புழு வைக்கும். அதனால் காலத்துக்குக் காலம் கரையேற்றி, காயவைத்து, எண்ணெய் பூச வேண்டும். நல்ல மரமும் இப்போது இலகுவில் கிடைப்பதில்லை.

பைபர் தோணி பாரம் குறைந்தது. புழு வைக்காது, உக்காது. சிறிய வாவித் தோணியை இரண்டு பெண்கள் சேர்ந்தால் கரையேற்றலாம். ஆனால் பைபர் என்ற சொல்லே தரத்துக்கு உத்தரவாதமல்ல. கண்ணாடி நாரை அடுக்கடுக்காக வைத்து, பிசினை ஊற்றி இறுக வைப்பதுதான் பைபர். அடுக்கைக் குறைத்தால் செலவு குறையும், படகின் ஆயுளும் குறையும். பூச்சு பளபளப்பாக இருப்பதால் வெளியிலிருந்து பார்க்கும்போது இந்தக் குறை தெரியாது.

இதற்கு எமது கரையே சாட்சி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையின் மீன்பிடிப் படகுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அழிந்தோ சேதமடைந்தோ போயின. அதன்பின் பல திசைகளிலிருந்தும் பைபர் படகுகள் வந்து குவிந்தன. அவசரத்தில் செய்யப்பட்டவை பல. மெல்லிய சுவர், மிதப்பு அறை இல்லாத உடல், தொழிலுக்குப் பொருந்தாத வடிவம் என்று குறைகள் வெளிவந்தன. இலவசம் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. தரமற்ற படகு தொழிலையும் கெடுக்கும், ஆளையும் ஆபத்தில் தள்ளும். அது நன்கொடையாக வந்தாலும் கேள்வி கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

எஞ்சின் உங்களுக்கு எத்தனை மீனைக் கொடுக்கும்?

எஞ்சின் இல்லாத தோணியை யாரும் மதிப்பதில்லை என்ற எண்ணம் எம்மிடையே இருக்கிறது. இதைக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடும் சாதாரண எஞ்சின், முழு வேகத்தில் ஓடும்போது ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறக்குறைய அரை லீற்றர் குடிக்கும். அப்படியென்றால் 8 குதிரைவலு எஞ்சின் மணிக்குச் சுமார் 4 லீற்றர். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் நாளுக்கு 8 லீற்றர். 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை மறந்திருக்க மாட்டோம். 696 ரூபாவுக்கு முடிந்த அதே பயணம் அன்றிலிருந்து 2,720 ரூபா ஆனது. 25 குதிரைவலு எஞ்சின் வைத்திருந்தவருக்கு அதே இரண்டு மணி நேரத்துக்கு 8,500 ரூபா. அந்த நாட்களில் பல படகுகள் கரையிலேயே கிடந்தன. எண்ணெய் விலை எங்கள் கையில் இல்லை. இன்றைய விலையை வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு மேலாக அன்றாடம் மீன் விழுமா என்று உங்கள் துறையில் தொழில் செய்பவர்களிடம் கேளுங்கள்.

படகின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகு, தன் நீளத்துக்கு ஏற்ற வேகத்துக்கு மேல் இலகுவில் போகாது. 16 அடி நீளமான தோணிக்கு அந்த எல்லை மணிக்குச் சுமார் 10 கிலோமீற்றர். அதற்கு மேல் விரட்டினால் எண்ணெய் எரியுமே தவிர, வேகம் கூடாது. ஆகவே சிறிய எஞ்சினை நிதானமாக ஓட்டுவதுதான் இலாபம். இரண்டு தோணிகளில் ஒன்றைத் தெரிய வேண்டியிருந்தால், சற்று நீளமானதும் ஒடுங்கியதும் குறைந்த எண்ணெயில் போகும். ஆனால் ஒடுங்கியது ஆடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீந்தத் தெரியாதவருக்கு அகலமான அடிப்பாகமே பாதுகாப்பு.

தொழில் செய்யும் இடம் வீட்டுத் துறையிலிருந்து அரை மணி நேரத் துடுப்புத் தூரத்துக்குள் இருந்தால், எஞ்சின் இல்லாமல் தொடங்குவதே நல்லது. எஞ்சினுக்குப் போகும் பணத்தில் நல்ல வலையும் நண்டுக் கூடும் வாங்கலாம். ஒரு வருடம் தொழில் செய்து, கணக்குப் பார்த்து, பிறகு எஞ்சினைப் பற்றி யோசிக்கலாம்.

படகிலேயே குடியிருப்பவர்கள்

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓய்வு பெற்ற தம்பதிகள் சிலர் வீட்டை விற்றுவிட்டுப் படகிலேயே குடியிருந்து, கரையோரமாக ஊர் ஊராகப் போகிறார்கள். அந்தப் படகுகளை அவர்கள் ‘ட்ரோலர்’ என்கிறார்கள். பெயர்தான் அப்படி, வலை இழுப்பதில்லை. மீன்பிடிப் படகின் வடிவத்தைப் பார்த்துக் கட்டியதால் வந்த பெயர். 1960களில் ஹொங்கொங்கில் கட்டத் தொடங்கிய ‘கிராண்ட் பாங்க்ஸ் 36’ என்ற படகு இவ்வகையில் பெயர் பெற்றது. உள்ளே சமையலறை, படுக்கை, கழிவறை எல்லாம் உண்டு. மணிக்கு 8 கடல்மைல் வேகம், அதாவது சுமார் 15 கிலோமீற்றர்தான். வேகம் வேண்டாம், எண்ணெய் மிஞ்சட்டும், அலையில் ஆடாமல் இருக்கட்டும் என்பவர்கள் வாங்குவது அது. வாங்குமுன் அவர்கள் கேட்கும் கேள்விகள் எங்களுக்கும் பொருந்துகின்றன. மணிக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும்? ஒருவர் சுகமில்லாமல் படுத்தால் மற்றவர் தனியாகச் சமாளிக்க முடியுமா? என்ன ஆழத்தில் போகலாம்? பழுதானால் யார் திருத்துவார்? பணமுள்ளவர்களே இவ்வளவு யோசித்து வாங்கும்போது, கடன்பட்டு வாங்கும் நாங்கள் இன்னும் கூடுதலாகவே யோசிக்க வேண்டும்.

எமது கரையில் படகிலேயே குடியிருப்பவர்கள் வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து போகும் பலநாள் மீன்பிடிப் படகுத் தொழிலாளர்கள். ஐந்தாறு பேர், ஒரு சின்னக் கூடாரத்துக்குள் சமைத்து, படுத்து, வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருக்கிறார்கள். ஐஸும் டீசலும் குடிநீரும் ஏற்றுவதற்கே பெருந்தொகை வேண்டும். படகின் விலை இன்று கோடிகளில். மீன் படாமல் திரும்பினால் அந்தச் செலவு முழுவதும் படகுக்காரர் தலையில். இத்தகைய படகில் பங்கு சேர்க்கச் சொல்லி யாராவது உங்கள் சேமிப்பைக் கேட்டால், எழுத்து மூலமான உடன்படிக்கை இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மகனை அந்தத் தொழிலுக்கு அனுப்புகிறீர்கள் என்றால், படகில் தொலைத்தொடர்புக் கருவி, உயிர்காப்பு அங்கி, ஆளுக்குரிய காப்புறுதி ஆகியவை இருக்கின்றனவா என்று படகுச் சொந்தக்காரரிடம் நேரே கேளுங்கள். அது தாயின் உரிமை.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். கடலின் அடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடித் தொழில் இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. மீன் குஞ்சையும் முட்டையையும் சேர்த்து அழிப்பதால்தான் இந்தத் தடை. அவ்வகைப் படகோ வலையோ மலிவாக வந்தாலும் வாங்கக் கூடாது. தங்கூசி வலையும் அப்படித்தான். பிடிபட்டால் வலையும் போகும், வழக்கும் வரும்.

பழைய படகு வாங்கும்போது

புதியது வாங்கக் கட்டாதவர்கள் பழையதையே பார்ப்பார்கள். அதில் தவறில்லை. ஆனால் படகைத் தண்ணீரில் வைத்துப் பார்க்காமல், கரையேற்றிக் காயவைத்துப் பாருங்கள்.

உள்ளும் புறமும் நாணயக்குற்றியால் தட்டிப் பாருங்கள். நல்ல பைபர் ‘டக் டக்’ என்று இறுக்கமாக ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். பக்கச் சுவரைக் கையால் அழுத்தினால் உள்ளே வளையக் கூடாது. நட்சத்திரம் போல் வெடித்த கோடுகள் இருந்தால் அந்த இடம் எங்கோ அடிபட்டிருக்கிறது. புதிதாகப் பெயின்ற் அடித்த படகு என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். பெயின்ற் எதை மறைக்கிறது என்று பாருங்கள்.

எஞ்சின் பூட்டும் பின்பலகைதான் முதலில் பழுதாகும் இடம். பைபருக்குள் இருக்கும் பலகை தண்ணீர் குடித்து உக்கியிருக்கும். எஞ்சினைப் பூட்டி மேலும் கீழும் அசைத்தால் பலகை அசையக் கூடாது. எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்க விடாதீர்கள். குளிர்ந்த எஞ்சின் உங்கள் முன்னால் இயங்கத் தொடங்க வேண்டும். குளிர்நீர் ஒழுங்காக வெளியே பீச்சியடிக்க வேண்டும். கயிற்றை நீங்களே இழுத்துப் பாருங்கள். உங்களால் இழுத்து இயக்க முடியாத எஞ்சின் உங்களுக்குரிய எஞ்சின் அல்ல.

அறிந்த மேசன் இல்லாமல் வீடு கட்டுவதில்லை. அதுபோல், அறிந்த தொழிலாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் படகு வாங்க வேண்டாம். அவர் விற்பவரின் உறவினராக இல்லாதிருப்பது நல்லது.

பெயரும் பத்திரமும்

மீன்பிடிப் படகைக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தில் பதிவு செய்ய வேண்டும். தொழில் செய்வதற்கு அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இதைச் சொல்கிறது. உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் போனால் வழி சொல்வார். அனர்த்த நட்டஈடு, காப்புறுதி, எரிபொருள் மானியம் என்று எது வந்தாலும் முதலில் கேட்கப்படுவது பதிவில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதுதான்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு கிடைத்த பாடம் இது. சீதனமாகப் பெண்ணின் பெயரில் இருந்த வளவில் வீடு அழிந்தது. புதிய வீடு வந்தபோது ‘குடும்பத் தலைவர்’ என்று ஆணின் பெயரில் எழுதப்பட்ட சம்பவங்கள் இந்த மாவட்டத்தில் நடந்தன. பெண்கள் அமைப்புகள் இதற்காகக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. படகுக்கும் இதே கதைதான். உங்கள் பணத்தில், உங்கள் கடனில் வாங்கும் படகை, “பெண் பெயரில் பதிந்தால் அலைச்சல்” என்று யாராவது சொல்கிறார்கள் என்பதற்காகத் தம்பி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ பதியாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். நாளை அவருக்கும் ஒரு குடும்பம் வரும். கணவனின் பழைய படகு உங்களிடம் இருந்தால், பதிவை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள். காணாமற் போனவரின் பெயரில் இருப்பதை மாற்றுவது மனதுக்கும் பாரமான வேலைதான். அதற்கு என்ன ஆவணம் வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டுப் போங்கள்; தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

படகைப் பங்குக்கு விடுவதென்றால் எண்ணெய்ச் செலவு யாருடையது, வலை கிழிந்தால் யார் பொறுப்பு, மீனை யார் விற்பது, பங்கு எப்படிப் பிரிப்பது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். நாளாந்தக் கணக்கையும் அதே கொப்பியில் எழுதுங்கள். உறவுக்காரரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கணக்கு இருந்தால் உறவும் நிலைக்கும்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத் தவணை கேட்கும் நுண்கடனை நம்பிப் படகு வாங்க வேண்டாம். மீன் வாராவாரம் ஒரேயளவு விழுவதில்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்தது என்றால், அந்தக் கடன் எத்தனை குடும்பங்களை நெரித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மாதர் சங்கத்தின் சுழற்சி முறைக் கடன், மீனவர் கூட்டுறவுச் சங்கக் கடன் ஆகியவற்றை முதலில் பாருங்கள். மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு தோணி வாங்குவதும் நல்ல வழி. ஒருத்திக்குச் சுகமில்லாத நாளிலும் தோணி தண்ணீரில் நிற்கும்.

உயிருக்கு விலையில்லை

ஆழிப்பேரலையில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்ததற்கு நீந்தத் தெரியாததும் ஒரு காரணம். 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் ‘பாதை’ கவிழ்ந்து பாடசாலைச் சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். கடக்க இருந்தது சிறு தூரம்தான். மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரை பாதையில் ஏறியிறங்கிய எமக்கு அந்தப் பயம் புதிதல்ல.

ஆகவே உயிர்காப்பு அங்கியைப் படகின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். படகில் எத்தனை பேரோ அத்தனை அங்கி. பிள்ளைக்குப் பெரியவரின் அங்கி பொருந்தாது. படகில் மிதப்பு அறையோ நுரைப்பஞ்சோ இருக்க வேண்டும். தண்ணீர் நிறைந்தாலும் படகு தாழாமல் பிடித்துக்கொள்ள அது உதவும். தண்ணீர் இறைக்க ஒரு வாளி, எஞ்சின் இருந்தாலும் ஒரு துடுப்பு, பொலித்தீன் பையில் சுற்றிய தொலைபேசி, ஒரு விசில். சேலையோடு தோணியில் ஏறாதீர்கள். இதைப் பார்த்து ஊர் இரண்டு நாள் பேசும். மூன்றாம் நாள் வேறு கதைக்குப் போய்விடும்.

வாங்குமுன் ஏழு கேள்விகள்

1. நான் தொழில் செய்யப்போவது வாவியிலா, கடலிலா?
2. இந்தப் படகை நானும் இன்னொருத்தியும் சேர்ந்து கரையேற்ற முடியுமா?
3. ஒரு நாள் எண்ணெய்ச் செலவு எவ்வளவு? எண்ணெய் விலை இரட்டிப்பானால் தாங்குமா?
4. பழுதானால் எமது ஊரில் யார் திருத்துவார்?
5. பதிவு யார் பெயரில்?
6. வாடைக்காலத்தில் படகு கரையில் கிடக்கும்போது கடன் தவணைக்கு என்ன வழி?
7. கவிழ்ந்தால் இது மிதக்குமா? நான் மிதப்பேனா?

ஏழுக்கும் பதில் கிடைத்தபின் பணத்தை எடுங்கள். ஒன்றுக்கேனும் பதில் இல்லையென்றால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

“பொம்பிளை தோணி வலிப்பதா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இந்த வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்கள் தண்ணீருக்குள் நின்றபோது யாரும் அப்படிக் கேட்கவில்லை. யுத்த காலத்தில் வாவியின் ஒரு கரை ஒருவர் கையிலும் மறு கரை இன்னொருவர் கையிலும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே தொழில் தடைப்பட்டு, 2007 வரை நாம் பட்டபாடு எமக்குத்தான் தெரியும். இன்று இரு கரையும் திறந்திருக்கின்றன. அந்த நீரில் எமக்கும் பங்கு உண்டு. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இந்த ஏழு கேள்விகளையும் வாசித்து, உங்கள் துறைக்கு எந்தத் தோணி பொருந்தும் என்று ஒன்றாகப் பேசிப் பாருங்கள்.